அவர் ஏன் படகை நிறுத்துகிறார்?

ஆஸ்திரேலிய சர்ஃப் படகுப் போட்டிகளில் கரையில் நின்று கத்துகிறவர்களுக்குப் பிடித்த வீரம் ஒன்றுதான்: முட்டிக்கொண்டு போவது. அலை உடையும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பாக ஒரு படகு நின்றால் போதும், 'பயந்துவிட்டார்' என்று தீர்ப்பு வந்துவிடும். 'அலை ஓய்ந்து கடலாட முடியுமா' என்று நம்மவர்களும் கேட்கிறார்கள். கடல் ஓயாதுதான். ஆனால் மூச்சு வாங்கும். தொலைதூரப் புயல்கள் அனுப்பும் அலைகள் கூட்டம் கூட்டமாகத்தான் வந்து சேர்கின்றன. ஒரு கூட்டம் உடைந்து முடிந்ததும் சிறிது நேரம் வழி திறக்கும். இந்தப் பருவத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த ஆட்டம் அந்த வழிக்காகக் காத்திருந்த ஆட்டம்.

பெயர் வேண்டாம். அறுபதைக் கடந்த பெண்மணி. நியூ சவுத் வேல்ஸ் கிளப் ஒன்றின் பெண்கள் படகில் சுக்கான் துடுப்பைப் பிடிப்பவர். துடுப்புப் போடும் நால்வரும் கரையிலிருந்து அலைகளைக் கடந்து வெளியே போகும்போது அலைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே வருவது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் காண்பது பின்முனையில் நிற்கும் இவர் முகத்தை மட்டும். அந்த முகம் மாறியதை நான் பார்த்ததே இல்லை.

சென்ற மாத ஓட்டம் ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்துப் படகுகள் முழுவேகத்தில் போய்க்கொண்டிருந்தன. இவர் ஒரு சொல் சொன்னார். நான்கு துடுப்புகளும் தண்ணீரில் பதிந்து அசையாமல் நின்றன. படகு தயங்கியது. இரண்டு படகு நீளம் பறிபோனது. கரையில் ஒரே கூச்சல். அடுத்த நொடி முன்னே போன படகின் அணியம் செங்குத்தாக எழும்பியது, இன்னொன்றில் தண்ணீர் நிரம்பியது. உடைந்த அலை வெறும் நுரையாக இவர் படகுக்கு அடியில் போயிற்று. அப்போதுதான் "இழு" என்றார். அதுவும் நேராக இல்லை, சற்று இடப்பக்கம் திருப்பி. அங்கே தண்ணீர் கருத்துக் கிடந்தது, அலை உடையவில்லை. கடலுக்குள் திரும்பி ஓடும் இழுநீரோட்டம் அது. ஞாயிற்றுக்கிழமை குளிக்க வருகிறவர்களை இழுத்துப் போகும் அதே நீரோட்டம், அன்று ஐந்து பேரைச் செலவில்லாமல் வெளியே கொண்டுபோய் விட்டது.

இதை வயதின் நிதானம் என்று சுருக்குகிறவர்கள் விளையாட்டைப் பார்க்கவில்லை. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் குளிப்பவர்களுக்குக் காவலாக வார இறுதிகளில் சம்பளமில்லாமல் நின்றவரின் கண் அது. காவல் மணிநேரத்தை முடிக்காதவர் போட்டியில் இறங்கவே முடியாது என்பது இந்த விளையாட்டின் விதி. பலர் அதை வரி கட்டுவதுபோல் கட்டுகிறார்கள். இவருக்கு அதுதான் பயிற்சி. எந்த மணல்திட்டு எந்தப் பக்கம் நகர்ந்தது, எங்கே இழுநீரோட்டம் கிளம்பும் என்பதையெல்லாம் ஜிம் சொல்லித் தராது.

இதற்குள் ஓர் அநியாயமும் இருக்கிறது. இந்தப் படகுகளை இறக்கும் சர்ஃப் உயிர்காப்புக் கிளப்புகள் 1907 வாக்கில் சிட்னியில் உருவானவை. பெண்களை முழு உரிமையுள்ள காவல் உறுப்பினர்களாக அவற்றின் தேசிய அமைப்பு ஏற்றது 1980-இல்தான். இவர் சிறுமியாகக் கிளப்புக்கு வந்தபோது கிடைத்த வேலை தேநீர், நிதி திரட்டல், போட்டிகளில் நேரம் குறித்தல். தண்ணீரில் இறங்க விடாததால் கரையிலிருந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தடைக்கு நன்றி சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அந்தப் பார்வை வீணாகவில்லை. கதவு திறந்ததும் உயிர்காப்பாளர் பதக்கத் தேர்வு, மீட்பு ரப்பர் படகு, நிப்பர்ஸ் எனப்படும் சிறுவர் பிரிவுக்குப் பயிற்சி என்று ஒன்றையும் விடவில்லை. குளிர்காலத்தில் நெட்பால் நடுவர். விசில் ஊதுவதிலும் இதே குணம்: ஆட்டம் தானாகத் தொடருமானால் அரை நொடி விட்டுப் பார்ப்பார்.

இனி நடக்கப்போவது. தேசியப் போட்டியன்று கடல் தட்டையாகக் கிடந்தால் இவர் படகு தோற்கும். அன்று இளம் தோள்கள் ஜெயிக்கும், அதில் தவறில்லை. தலைக்கு மேல் அலை எழும்பும் நாளாக இருந்தால் என் கணிப்பு இவர்தான். யார் வேண்டுமானாலும் எழுதி வைத்துக்கொள்ளலாம். இன்றும் பெண்கள் படகுகளைக்கூடப் பெரும்பாலும் ஆண்களே ஓட்டுகிறார்கள். இது பத்து வருடம் தாங்காது. துடுப்பு போடுகிறவர்களின் உடல்தகுதி எல்லாக் கிளப்பிலும் சமமாகி வருகிறது. இனி வித்தியாசம் பின்முனையில்தான். அவரிடம் பழகும் இரண்டு இளம்பெண்கள் இப்போதே காற்று அடிக்கும் காலைகளில் பயிற்சிப் படகை எடுக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி விரைவில் ஓர் ஆண்கள் படகை ஓட்டுவாள். அவளும் அலைக்கு முன்னால் நிறுத்துவாள், கரையும் கத்தும்.