'மைக்ரேஷன்' என்ற சொல்லும் அதன் புழக்கமும்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகங்கள் 'மைக்ரேஷன் சர்டிபிகேட்' கேட்கின்றன. வீட்டை விட்டு நகராமல் தெருமுனைக் கல்லூரியில் சேர்ந்தாலும் பெரும்பாலும் அந்தத் தாள் வேணும்! ஆள் நகரவில்லை, பெயர்ப்பதிவு ஒரு வாரியத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்கிறது. இலண்டன்காரர் விழிப்பார். இது நம் நாட்டு ஆங்கிலம். இதில் தப்பேதும் இல்லை என்பது என் துணிபு.

சொல்லின் வேர் லத்தீன். 'மிக்ராரே' என்றால் இடம்விட்டு இடம் போதல். எமிக்ரேஷன் வெளியேறுதல், இம்மிக்ரேஷன் உட்புகுதல். ஆள் ஒருத்தர்தான், பயணமும் ஒன்றுதான். விட்ட ஊர் ஒரு பெயர் வைக்கிறது, வந்த ஊர் வேறு பெயர் வைக்கிறது. முன்னொட்டு இல்லாத மைக்ரேஷனோ பறவைக்கும் ஆகும், கணிப்பொறித் தகவலுக்கும் ஆகும். பறவை பருவம் மாறினால் திரும்பும். தகவல் போனால் போனதுதான். நாம் எந்தச் சேர்த்தி என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம்.

புழக்கத்தில்தான் எனக்குக் குறை. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 45 கோடி மைக்ரண்டுகள். அடுத்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்ணும் அதில் சேர்த்தி. பெண்கள் விஷயத்தில் பெருங்காரணம் கல்யாணமே. 1979-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒப்பந்தக்காரர் மூலம் வேறு மாநில வேலைக்குச் சேர்க்கப்பட்டவரை மட்டும் எண்ணியது. தானே ரயிலேறி வந்தவர் கணக்கில் இல்லை. 2020-இல் நிறைவேறிய தொகுப்புச் சட்டம்தான் அவரையும் சேர்த்தது.

அதே 2020 ஊரடங்கில் நாளேடுகள் யாரை மைக்ரண்ட் என்றன? சாலையில் மூட்டையோடு நடந்தவரை. அதே நகரத்தில் அடுக்குமாடியில் குடியிருந்த வேற்று மாநிலத்தார்க்கு அந்தப் பெயர் கிட்டவில்லை. வெளிநாட்டிலும் இந்தக் கதைதான்: சம்பளம் பெரிதானால் 'எக்ஸ்பாட்'. ஒரே சரக்குக்கு ஆளைப் பார்த்து விலை சொல்லும் கடை உருப்படுமா?

2015-இல் அல் ஜசீரா ஆங்கில நிறுவனம், மத்தியதரைக் கடல் கடந்து வருவோரை மைக்ரண்ட் என எழுதுவதில்லை, பொருந்துமிடத்தில் அகதி என்றே எழுதுவோம் என அறிவித்தது. போர் பயந்து ஓடிவந்தவர் அகதிதான், அது சரி. ஆனால் சொல் கெட்டுவிட்டது என்று அதையே கைவிடுவதை நான் ஏற்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாகப் புழங்கினால் கறை தானே வெளுக்கும்.

தமிழிலும் இந்தத் தராசுக் கோளாறு உண்டு. 'புலம்பெயர்' என்ற சொல்லாட்சியைப் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்த வேற்று நாட்டார்க்கு மதிப்போடு தருகிறது. இன்று நம் நாளேடுகளில் 'புலம்பெயர் தொழிலாளர்' என்றால் கட்டட வேலைக்கு வந்த பீகார்க்காரர். வடநாட்டில் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் என்னை அவர்கள் 'தொழிலதிபர்' என்று எழுதுவார்கள்.