கைப்பேசியில் நடக்கும் அடையாள அணிவகுப்பு

காவலர்களின் கைப்பேசியில் இயங்கும் முக அடையாளச் செயலி பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது: போனில் எதுவும் சேமிக்கப்படுவதில்லை, அது வெறும் தேடுகருவி, குற்றம் செய்யாதவர் எதற்குப் பயப்பட வேண்டும்? முதல் பாதி உண்மையாகவே இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு கடைசிக் கேள்விக்குத் தாவுவதுதான் தவறு.

தமிழ்நாடு காவல்துறையின் எஃப்.ஆர்.எஸ். என்னும் முக அடையாள மென்பொருளை 2021 அக்டோபரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அதைக் கொல்கத்தா சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. நிலையக் கணினியிலும் ஓடும், களத்தில் போனிலும் ஓடும். படத்தை எடுத்து அனுப்புவது மட்டுமே போனின் வேலை; லட்சக்கணக்கான படங்களோடு ஒப்பிடும் பளுவைச் சர்வர் சுமக்கும். அடையாளம் தெரியாத சடலத்துக்குப் பெயர் கண்டுபிடிக்கவும், காணாமல்போன குழந்தையைத் தேடவும் இது உதவும். பொறியியலில் குறை சொல்ல அதிகம் இல்லை.

வேலை எளிதானதும் அதைச் செய்யும் இடம் மாறிவிட்டதே, அங்கேதான் கோளாறு. இரவு வாகனத் தணிக்கையில் ஒருவரை நிறுத்துகிறார்கள். “ஹெல்மெட்டைக் கழட்டுங்க, இங்க பாருங்க” என்று போனை முகத்துக்கு நேராகப் பிடிக்கிறார் காவலர். சில நொடியில் திரையில் சில முகங்களும், அவற்றின் பக்கத்தில் ஒப்புமை மதிப்பெண்ணும் வருகின்றன. திரை சொல்வது “இவர்தான் அவர்” என்றல்ல, “இவர்களைப் போல் இருக்கிறார்” என்றுதான். தெருவிளக்கடியில் இந்த வித்தியாசம் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லட்சம் ஒப்பீட்டில் ஒன்றுதான் தவறும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தொகுப்பில் 5 லட்சம் படங்கள் இருந்தால், எந்த வழக்கிலும் சிக்காத ஒருவரைத் தேடினாலும் சராசரியாக 5 குற்றவாளி முகங்கள் வந்து நிற்கும். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 189 மென்பொருள்களைச் சோதித்து 2019-இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய தவறு ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக நேர்வதையும் காட்டியது. எத்தனை மதிப்பெண் வந்தால் நம்பலாம் என்பதாவது தெளிவா? 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பொருத்தம் என்று தகவல் உரிமைச் சட்டக் கேள்விக்கு டெல்லி காவல்துறை பதில் சொன்னது. 80 ஏன், 95 ஏன் இல்லை என்பதற்கு விளக்கம் எதையும் காணோம்.

கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர் ஆளைக் காட்ட வேண்டுமென்றால் நம் நடைமுறை எவ்வளவு கறாரானது! மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு. சந்தேக நபரோடு சாயலில் ஒத்த வேறு சிலரையும் கலந்து நிறுத்த வேண்டும். எல்லாம் எழுத்தில் பதிவாக வேண்டும். மனிதக் கண் ஏமாறும் என்ற அனுபவத்தில் பிறந்த ஒழுங்கு இது. அதே வேலையை மென்பொருள் செய்யும்போது மாஜிஸ்திரேட்டும் இல்லை, எதிர்த்துப் பேச ஆளும் இல்லை. சர்வரில் தேடல் பதிவாகியிருக்கலாம். நிறுத்தப்பட்டவர் கைக்கு ஒரு துண்டுச் சீட்டு வருகிறதா?

சட்டம் இருக்கிறது என்பார்கள். 2022-ஆம் ஆண்டின் குற்ற நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் தண்டனை பெற்றவர், கைதானவர், பிணைப்பத்திரம் தர உத்தரவிடப்பட்டவர் ஆகியோரிடம் அளவைகளும் படமும் எடுக்க இடம் தருகிறது. மற்றவர் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். வண்டியில் வந்தவர் இதில் எந்த வகை? ஹைதராபாத்தில் 2021 மே மாதம் சமூக ஆர்வலர் எஸ்.க்யூ. மசூதை ஊரடங்கின்போது போலீஸார் வழிமறித்து, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எந்த அதிகாரத்தில் என்று கேட்டு அவர் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

போனில் எதுவும் சேமிக்கப்படுவதில்லை, அதனால் பாதுகாப்பானது என்ற வாதத்துக்குத் தனிப் பதில் தேவையில்லை. 2024 மே மாதம் தமிழ்நாட்டின் இந்த எஃப்.ஆர்.எஸ். தளத்துக்குள்ளேயே ஊடுருவல் நடந்ததைக் காவல்துறையே ஒப்புக்கொண்டது.

படம் எடுத்த காவலரின் எண், எடுத்த காரணம், கிடைத்த மதிப்பெண், இம்மூன்றும் அச்சிட்ட சீட்டை நிறுத்தப்பட்டவரிடம் அங்கேயே கொடுக்கலாம். ஹெல்மெட் போடாதவருக்குக் கைக்கருவியில் இ-சலான் போடும் துறைக்கு இது புதிய வேலை அல்ல. அது நடைமுறைக்கு வரும்வரை செயலி காவல் நிலையக் கணினியோடு நிற்கட்டும். சாலையில் அதற்கு வேலை வேண்டாம்.