உணவு நூல்களை மதிப்பிடுதல்: சாமையின் இரும்புச்சத்தை முன்வைத்து

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், பட்டுக்கோட்டை செல்லும் வழியில் இருக்கிறது கறம்பக்குடி. நெல், நிலக்கடலை, தென்னை ஆகியவை விளையும் வட்டாரம். இங்குள்ள ஒருவர் சமச்சீர் உணவு பற்றித் தமிழில் ஒரு நூல் வாங்க விரும்பினால் பேருந்து நிலையக் கடையில் கிடைக்கும் சிறு நூல்களையோ, புதுக்கோட்டைப் புத்தகத் திருவிழாவின் அரங்குகளையோதான் நாட வேண்டியிருக்கும். இரண்டிடத்திலும் நூல்களுக்குக் குறைவில்லை. சிறுதானியம், கீரை, பழச்சாறு, நோய்க்கேற்ற உணவு எனத் தலைப்புகள் நிறைந்திருக்கும். அவற்றில் எதை நம்பி வாங்குவது என்பதே சிக்கல்.

உணவு நூலை நாவலைப் போல மொழிநடையால் மட்டும் மதிப்பிட முடியாது. படித்தவர் அதன்படி சமைக்கிறார், வீட்டில் உள்ளவர்கள் உண்கிறார்கள். நூலில் உள்ள பிழை அவர்களின் உடலில்தான் போய்ச் சேரும். ஆகவே இத்தகைய நூலிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இதில் உள்ள எண் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டைச் சேர்ந்தது?

எண்களின் ஊற்று

இந்திய உணவுப் பொருள்களின் சத்து அளவுகளுக்குப் பெரும்பாலான நூல்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒரே இடத்தைத்தான் சார்ந்திருக்கின்றன. அது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இதன் தொடக்கம் தமிழ்நாட்டில்தான். 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தலைமையில் பெரிபெரி நோய் குறித்த ஆய்வுப் பிரிவாக இது தொடங்கியது. 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969-இல் இப்போதைய பெயரைப் பெற்றது.

சி. கோபாலன், பி. வி. ராம சாஸ்திரி, எஸ். சி. பாலசுப்பிரமணியன் ஆகியோரின் 'நியூட்ரிட்டிவ் வேல்யூ ஆஃப் இந்தியன் ஃபுட்ஸ்' என்ற அட்டவணை நூலை இந்நிறுவனம் 1971-இல் வெளியிட்டது. 1989-இல் அது திருத்தப்பட்டது. பின்னர் நாடு முழுவதிலும் இருந்து மாதிரிகளைத் திரட்டிப் புதிதாகப் பகுப்பாய்வு செய்து, 528 உணவுப் பொருள்களுக்கான 'இந்தியன் ஃபுட் காம்போசிஷன் டேபிள்ஸ்' என்ற நூலை 2017-இல் வெளியிட்டது. பழைய அட்டவணைக்கும் புதியதற்கும் சில பொருள்களில் பெரிய வேறுபாடு உண்டு. தமிழ் உணவு நூல்கள் பலவற்றின் நம்பகத்தன்மை இந்த இடத்தில்தான் சோதனைக்கு உள்ளாகிறது.

ஒரு கைப்பிடிச் சாமை

சாமையை எடுத்துக்கொள்வோம். பழைய அட்டவணையில் 100 கிராம் சாமையில் இரும்புச்சத்து 9.3 மி.கி. 2017 அட்டவணையில் அது 1.26 மி.கி. ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. ஆனால் சிறுதானியம் பற்றிய நூல்களிலும், துண்டறிக்கைகளிலும், அரிசிப் பைகளின் மீதும் பழைய எண்ணே இன்றும் அச்சாகிறது. ஆண்டும் இல்லை, மூலமும் இல்லை.

இதை அட்டவணைக்காரர்களின் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல் என்று பொருள். 2020-இல் வெளியான பரிந்துரையின்படி வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி. இரும்புச்சத்து வேண்டும்.

இரத்தசோகை உள்ள மகளுக்காகத் தாய் ஒரு நூலை வாங்கி, நாளும் 60 கிராம் சாமையில் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய எண்ணின்படி அந்தக் கஞ்சியில் ஏறத்தாழ 5.6 மி.கி. இரும்பு இருக்கிறது. அது தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. புதிய எண்ணின்படி இருப்பது 0.76 மி.கி. மட்டுமே. தேவையில் நாற்பதில் ஒரு பங்கு என்று சொல்லலாம். தாய் தன் கடமையைச் செய்துவிட்டதாக நம்புகிறார். மகளின் களைப்போ குறையவில்லை. பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை "கஞ்சிதான் குடிக்கிறாளே" என்று நிறுத்திவிட்டால் இழப்பு இன்னும் கூடும்.

கீரையிலும் இதே கதை உண்டு. தண்டுக்கீரைக்குத் தொடக்கத்தில் 25.5 மி.கி. எனக் குறிக்கப்பட்ட இரும்பு, திருத்தத்தில் 3.49 மி.கி. ஆனது. திருத்தம் செய்த நிறுவனத்தைக் குறை சொல்வதற்கில்லை. தன் எண்ணைத் தானே திருத்திக்கொள்வது அறிவியலின் இயல்பு. திருத்தத்தைக் கண்டுகொள்ளாமல் பழைய பட்டியலைப் பெயர்த்து எழுதும் நூலாசிரியரிடமே குறை இருக்கிறது.

இதனால் சாமை வீணான தானியம் ஆகிவிடாது. 2017 அட்டவணையின்படி தீட்டிய பச்சரிசியில் இரும்பு 0.65 மி.கி., நார்ச்சத்து 2.81 கிராம். சாமையில் நார்ச்சத்து 7.72 கிராம். அரிசியோடு ஒப்பிட்டால் சாமை மேலானதே. இரும்புக்காக என்றால் கம்பு (6.42 மி.கி.), கொள்ளு (8.76 மி.கி.), முருங்கைக்கீரை (4.56 மி.கி.) ஆகியவற்றை நாடலாம். இவற்றோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்வதும், உணவை ஒட்டித் தேநீர் குடிக்காமல் இருப்பதும் இரும்பை உடல் ஏற்க உதவும். நல்ல நூல் இவ்வளவையும் சொல்லும். எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டு நிறுத்திக்கொள்ளாது.

மூன்று வகை நூல்கள்

இன்று வாசகர் கையில் எடுக்கக்கூடிய நூல்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, மரபு உணவை நினைவூட்டும் நூல்கள். சித்த மருத்துவர் கு. சிவராமன் ஆனந்த விகடனில் தொடராக எழுதி, பின் நூலாக வந்த 'ஆறாம் திணை' இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. வீட்டுச் சமையலில் இருந்து மறைந்துகொண்டிருந்த சிறுதானியங்களைப் பொதுப்பேச்சுக்கு மீண்டும் கொண்டுவந்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு. ஆர்வத்தைத் தூண்டுவதே இவ்வகை நூல்களின் பலம். ஆனால் இவை கட்டுரைகள். ஓர் இயலில் ஓர் உணவின் பெருமை பேசப்படும்போது, ஒரு நாளின் முழு உணவில் அதன் இடம் எவ்வளவு என்பது வாசகருக்குத் தெளிவாகாமல் போகலாம். இவற்றை ஆர்வத்துக்காகப் படிக்கலாம், உணவுத் திட்டமாகக் கொள்ளக் கூடாது.

இரண்டாம் வகை, ஒரே முறையை வலியுறுத்தும் நூல்கள். நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' இதற்கு எடுத்துக்காட்டு. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பையும் புரதத்தையும் கூட்டுவது இம்முறை. எதை, எவ்வளவு என்று தயங்காமல் சொல்வது இதன் பலம். சோற்றை மலைபோலக் குவித்து உண்ணும் பழக்கத்தை இது கேள்விக்கு உள்ளாக்கியதும் நன்மையே. ஆனால் இம்முறையில் பரவலாக அறியப்பட்ட காலை உணவு 100 பாதாம். எடையில் அது 100 கிராமுக்கு மேல் வரும். நியாயவிலைக் கடை அரிசியை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது எட்டாத உணவு. அதே வேளையில் கறம்பக்குடிக் கொல்லைகளில் விளையும் நிலக்கடலையில் 100 கிராமுக்கு 23.65 கிராம் புரதம் இருக்கிறது. பாதாமில் 18.41 கிராம். உள்ளூர் வயலைப் பார்க்காத உணவுப் பட்டியல் வசதி உள்ளவருக்கே பயன்படும். முறைகளைப் பின்பற்ற விரும்புவோர், குறிப்பாக நீரிழிவு அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்காமல் தொடங்குவது ஆபத்து.

மூன்றாம் வகை, அரசு நிறுவனங்களின் வழிகாட்டிகள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதத்தில் 17 வழிகாட்டுதல்கள் கொண்ட உணவுக் கையேட்டை வெளியிட்டது. நாள் முழுவதற்குமான தட்டை அது வரைந்து காட்டுகிறது. 2000 கலோரி தேவைப்படுவோருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் வித்துகளும் 35 கிராம், பாலோ தயிரோ 300 மி.லி. என அளவு சொல்கிறது. தானியத்தில் இருந்து கிடைக்கும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. நம்பகத்தன்மையில் இதுவே முதலிடம் பெறும். எனினும் குறை இல்லாமல் இல்லை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 1.6 கிலோ காய்கறி என்றால் கூலி வேலை செய்யும் குடும்பம் எப்படி வாங்கும் என்ற கேள்விக்கு இத்தகைய அட்டவணை விடை தருவதில்லை. முருங்கை, பப்பாளி, வாழைத்தண்டு, வேலியோரக் கீரை என்று விலையில்லாமலோ மலிவாகவோ கிடைப்பவற்றைக் கொண்டு அந்தத் தட்டை எப்படி நிரப்புவது என்று எழுத வேண்டிய இடம் தமிழ் நூல்களுக்குக் காத்திருக்கிறது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

மாணவர்களும் பிற வாசகர்களும் நூலை வாங்கும் முன் பத்து நிமிடம் செலவிட்டால் போதும்.

1. சாமை அல்லது கீரையின் இரும்புச்சத்து குறித்த பக்கத்தைத் திறக்க வேண்டும். எண்ணோடு மூலமும் ஆண்டும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பழைய எண்ணே இருந்தாலும் ஆண்டைக் குறித்திருந்தால் ஆசிரியர் நேர்மையானவர்.

2. அளவு பச்சைப் பொருளுக்கா, காய்ந்த பொடிக்கா, சமைத்த உணவுக்கா என்று சொல்லப்பட்டிருக்க வேண்டும். காய்ந்த முருங்கைப் பொடியைப் பச்சைக் கேரட்டோடு ஒப்பிட்டுப் பல மடங்கு என்று எழுதுவது ஏமாற்று. நீர் வற்றினால் எந்தக் கீரையிலும் எண்கள் பெருகும். ஒருவர் ஒரு வேளைக்கு உண்ணும் பொடியோ ஒன்றிரண்டு தேக்கரண்டி.

3. ஒரே உணவைப் போற்றும் நூலைவிட, ஒரு நாளின் எல்லா வேளைகளையும் சேர்த்துப் பார்க்கும் நூலே சமச்சீர் உணவு நூல்.

4. குழந்தை, கர்ப்பிணி, முதியவர், உடலுழைப்பாளி, நோயாளி ஆகியோரின் தேவைகள் வேறு வேறு என்பது நூலில் தெரிய வேண்டும்.

5. நோய் அடியோடு நீங்கும், மாத்திரையை நிறுத்தலாம் என்று எழுதியிருந்தால் அந்த நூலை அங்கேயே வைத்துவிடலாம்.

6. பட்டியலில் உள்ளவற்றில் பாதியாவது நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மதிப்பீடு

இந்த ஆறிலும் முழுமையாகத் தேறும் தமிழ் நூலைக் கண்டெடுப்பது எளிதன்று. ஆகவே ஒரே நூலில் எல்லாம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காமல், மரபை நினைவூட்டும் நூலையும் அளவைச் சொல்லும் வழிகாட்டியையும் அருகருகே வைத்துப் படிப்பதே நல்லது. முதலாவது உண்ணும் ஆசையை உண்டாக்கும், இரண்டாவது கணக்கைத் திருத்தும்.

தமிழில் உணவு பற்றி எழுதுவோருக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் சாமைக்கு எதிரே உள்ள எண்ணை ஒருமுறை சரிபார்ப்பது. அந்த வரியை நம்பிக் கஞ்சி வைக்கும் ஒரு தாய் ஏதோ ஓர் ஊரில் இருக்கிறார்.