எட்டு நிமிடத்துக்குள் ஓர் இசை

டிரினிடாடின் ஸ்டீல்பான் இசைக்கருவியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பிறப்புக் கதையிலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். 1880களில் ஆங்கிலேய ஆட்சி தோல் முரசுகளை ஒடுக்கியது. ஆப்பிரிக்க வழி வந்த மக்கள் மூங்கில் குழாய்களைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். 1930களின் கடைசியில் மூங்கிலின் இடத்துக்கு பிஸ்கட் டின்களும் பெயின்ட் டப்பாக்களும் வந்தன. உலகப் போருக்குப் பின் 55 காலன் எண்ணெய் பீப்பாய். கவர்ச்சியான கதைதான். ஆனால் அந்தப் பீப்பாயில் இன்று என்ன இசை பிறக்கிறது, ஏன் அப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பனோரமாவைப் பார்க்க வேண்டும்.

நாடு விடுதலை பெற்றது 1962 ஆகஸ்டில். அடுத்த ஆண்டுக் கார்னிவலிலேயே பனோரமா போட்டி தொடங்கிவிட்டது. போர்ட் ஆஃப் ஸ்பெயினின் குயின்ஸ் பார்க் சவன்னா மைதானத்தில், நூறு பேருக்கு மேல் கொண்ட குழுக்கள் ஒரு கலிப்ஸோ பாடலை எடுத்து விரித்து வாசிக்கும். அந்த முதல் ஆண்டில் பரிசு ஆன்டனி வில்லியம்ஸின் நார்த் ஸ்டார்ஸ் குழுவுக்கு. பானின் சுரங்களை ஐந்தாம் சுர இடைவெளியில் வட்டமாக அடுக்கும் முறையை உருவாக்கியவரும் இவர்தான்.

போட்டி செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1950களில் ஸ்டீல்பான் குழு என்றால் பேட்டை ரவுடிக் கூட்டம் என்றே பெயர். குழுக்கள் தெருவில் மோதிக்கொண்டன, மண்டைகள் உடைந்தன. கௌரவமான வீடுகளில் பிள்ளை பான் பக்கம் போனால் அடி விழும். அந்தப் பகையை மேடைக்கு மாற்றியதில் பனோரமாவுக்குப் பெரும் பங்குண்டு. நிறுவனங்களின் பணம் வந்தது, பெண்கள் வந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். இன்று பான்யார்டு என்கிற பயிற்சி முற்றத்தில் வங்கி ஊழியரும் வேலையில்லாத இளைஞரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசிக்கிறார்கள். வாசிப்பவர்களில் பெரும்பாலோருக்கு இசைக்குறிப்புத் தாள் இல்லை. பாடலைக் குழுவுக்காக விரித்துத் தரும் அமைப்பாளர் வாசித்துக் காட்டுவார். அவர்கள் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்வார்கள். ஆறு முழுப் பீப்பாய்களுக்கு நடுவே நிற்கும் பாஸ் கலைஞருக்குப் பீப்பாய்க்கு மூன்று சுரம்தான். உடம்பைச் சுழற்றிச் சுழற்றித்தான் அவர் ஒரு வரியை முடிக்க முடியும்.

போட்டி இசையில் தந்த உச்சமும் உண்டு. அமைப்பாளர் ஜித் சமரூ 1982 முதல் 1997 வரை ரெனிகேட்ஸ் குழுவுக்கு ஒன்பது முறை முதல் பரிசு பெற்றுத் தந்தார். ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழி வந்தவர் என்பதால் நமக்கு அவர் இசையில் இந்தியச் சாயலைத் தேடத் தோன்றும். தேட வேண்டியதில்லை. கலிப்ஸோ பாடகர் லார்ட் கிச்சனரின் மெட்டுகளை அவர் பிரித்து, சுருதி மாற்றி, சோகச் சாயலுக்குத் திருப்பி, மறுபடி கூட்டிச் சேர்க்கிற விதமே போதும். பின்னணியில் பழைய கார்களின் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் தட்டும் 'எஞ்சின் ரூம்' விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். பான் இல்லாத காலத்துத் தெருத் தாளம் அங்கேதான் உயிரோடு இருக்கிறது.

குறையும் இதே இடத்தில்தான் முளைக்கிறது. ஒரு குழுவுக்குப் போட்டியில் கிடைக்கும் எட்டு நிமிடத்துக்குள் நடுவரையும் கூட்டத்தையும் மிரள வைக்க வேண்டும் என்றால் எல்லாரும் ஒரே வழிக்குத்தான் வருவார்கள்: ஓட்டமான காலம், இடைவெளியே இல்லாத சுரக்கொத்து, கடைசியில் ஓர் அதிர்வேட்டு. ரப்பர் முனைக் குச்சிகளால் மெல்ல உருட்டி ஒரு சுரத்தை நீட்டும்போதுதான் ஸ்டீல்பான் மனிதக் குரலுக்கு அருகில் வருகிறது. போட்டி மேடையில் அதற்கு நேரம் கிடைப்பது அரிது. பத்துக் குழுக்களைத் தொடர்ந்து கேட்டால் மூன்றாவது எது, ஏழாவது எது என்று காது குழம்பிவிடுகிறது எனக்கு.

புதுமைக்குப் போட்டி எளிதில் இடம் தந்ததுமில்லை. 1972இல் ரே ஹோல்மன், புகழ்பெற்ற கலிப்ஸோ எதையும் எடுக்காமல், ஸ்டார்லிஃப்ட் குழுவுக்காகத் தானே ஒரு மெட்டு அமைத்தார். வந்தது கண்டனம். சொந்த மெட்டோடு வந்த ஒரு குழு, லென் 'பூக்ஸி' ஷார்ப்பின் ஃபேஸ் டூ, முதல் பரிசை எட்டியது 1987இல்தான். பதினைந்து ஆண்டு தாமதம்! பான் கலைஞர் ஒத்தெலோ மாலினோ அந்தக் கருவியை ஜாக்கோ பஸ்டோரியஸின் ஜாஸ் இசைக்குள் கொண்டுபோய் நிறுத்தியதும் போட்டி மைதானத்துக்கு வெளியேதான்.

பல வாரப் பயிற்சியில் உருவான படைப்பு கார்னிவல் முடிந்ததும் கைவிடப்படுவதுதான் எனக்கு ஒப்பாதது. அடுத்த ஆண்டுக்கு வேறு பாடல் வந்துவிடும். குறிப்பு எழுதப்படாதவை வாசித்தவர்களின் நினைவோடு மங்கிப்போகின்றன. மிஞ்சுவது ஒலிப்பதிவு மட்டும்.

பனோரமாவை மூடிவிடச் சொல்வது அறிவீனம். அது இல்லாவிட்டால் பல குழுக்களே இருக்காது. ஆனால் பரிசு பெற்ற பழைய அமைப்புகளை எழுதிவைத்து, அடுத்த தலைமுறைக் குழுக்கள் நிதானமாக மறுபடி வாசிக்க ஆண்டில் இன்னொரு மேடை வேண்டும். போட்டிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும்.