தம்பிரான் தோழரின் நகை

நகை என்பது எளிய பொருளன்று. தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டனையும் வகுக்கப் புகுந்தவிடத்து நகையையே முதற்கண் வைத்தார். அது பிறத்தற்குரிய நிலைக்களங்கள் நான்கனுள்ளும் எள்ளலை முற்படக் கூறினார். உரையாசிரியராகிய பேராசிரியர் அவ்வெள்ளலைப் பிறரை எள்ளித் தான் நகுதல், பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதல் என இருதிறப்படுத்தினர். தன்னை ஒருவர் எள்ளியவழிச் சினங்கொள்ளாது தானும் உடன்நகுதல் யாவர்க்கும் இயல்வதன்று; எள்ளியவர்பால் அன்பும், தன்பால் அடக்கமும் உடையார்க்கே அஃது இயலும். எனவே நகையின் நுட்பத்தை ஆராய்வார் நட்பின் நுட்பத்தையும் உடன் ஆராய வேண்டியவராகின்றனர்.

திருவள்ளுவர் இப்பொருளை இருவேறிடங்களில் எடுத்தோதியுள்ளார். நட்பு என்னும் 79ஆம் அதிகாரத்திலே, நட்புச் செய்தல் சிரித்து மகிழ்தற்காக அன்று, நண்பன் நெறிகடந்தவிடத்து முற்பட்டுச் சென்று இடித்துரைத்தற்காகவே என்றார். தீ நட்பினைக் கூறுமிடத்து, நகைத்து மகிழ்தற்கு மட்டுமே பயன்படுவாரது நட்பினும் பகைவரால் வருவன பத்துக்கோடி மடங்கு நல்லன என்றார். ஆயின், பண்புடைமை என்னும் 100ஆம் அதிகாரத்திலோ, பிறரோடு கலந்து நகைத்து மகிழமாட்டாதவர்க்கு இப்பேருலகம் பகற்பொழுதிலும் இருளிற் கிடப்பதேயாகும் என்று இரங்கினார். இவை தம்முள் முரணுவனவோ எனின், அல்ல. நகை நட்பின் பயன் ஆகாது. ஆயினும் நகையில்லாதவிடத்து நட்பும் இல்லை. இடித்துரைக்கும் உரிமை உடையவனே எள்ளி நகும் உரிமையும் உடையவன். இரண்டும் ஒரே உரிமையின் இருமுகங்கள்.

இவ்வுண்மை மாந்தர்க்கிடையே மட்டுமன்றி, அடியார்க்கும் ஆண்டவனுக்கும் இடையிலும் செல்லுமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. அதற்குத் தக்க சான்று சுந்தரமூர்த்தி நாயனாரது வாழ்வும் வாக்குமேயாம். சைவர் வகுத்த நெறிகள் நான்கனுள் நாவுக்கரசர் அடிமைநெறிக்கும், சம்பந்தர் மகன்மைநெறிக்கும், சுந்தரர் தோழமைநெறிக்கும், மணிவாசகர் ஞானநெறிக்கும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுவர். ஈழத்துத் திருக்கேதீச்சரத்தையும் பாடிப் போற்றிய சுந்தரர்க்குத் தம்பிரான் தோழர் என்பது பெயர். அப்பெயர் வெறும் புகழ்ச்சிப்பெயரன்று. அவர்தம் பாடல்களின் ஓசையும் பொருளும் அதனை மெய்ப்பிக்கின்றன.

அத்தோழமை தொடங்கியதே ஒரு வழக்கிலும் வசையிலுமாம். புத்தூர் மணப்பந்தரிலே முதிய அந்தணராய் வந்து, மணமகன் தம் அடிமை என்று வழக்காடிய இறைவனைச் சுந்தரர் பித்தன் என இகழ்ந்தார். ஓலையையும் பறித்துக் கிழித்தார். திருவெண்ணெய்நல்லூரில் உண்மை விளங்கியபின், தம்மைப் பாடுமாறு பணித்த இறைவன், அவர் வைத வசைச்சொல்லையே முதலாகக்கொண்டு பாடுக என்றனர். வன்மை பேசினமையால் வன்றொண்டன் என்னும் பெயரையும் தந்தனர். தம்மை எள்ளிய சொல்லைத் தமக்குரிய துதியாக ஏற்றுக்கொண்ட இச்செயல், பேராசிரியர் கூறிய இரண்டாவது நகைக்கு இலக்கியமாய் அமைந்தது. பின்னர்த் திருவதிகைக்கு அணித்தாகிய சித்தவடமடத்திலே துயில்கொண்ட சுந்தரரது தலைமீது முதியவர் ஒருவர் திருவடியை நீட்டினார்; இவர் இடம்பெயர்ந்து படுக்குந்தோறும் அவர் நீட்டியவண்ணமே இருந்தார். நீர் யார் என்று வினவியவர்க்கு, என்னை அறிந்திலையோ என்று கூறி மறைந்தார். சேக்கிழார் இதனைக் கூறும் திறத்திலே கருணையும் குறும்பும் பிரிக்கலாகாவாறு விரவியுள்ளன.

இனிச் சுந்தரர் இறைவனை நகும் திறத்தினை நோக்குவாம். காஞ்சியிலுள்ள ஓணகாந்தன்றளிப் பதிகத்தில் இறைவனது இல்லறமே நகைக்கு இலக்காகின்றது. சடையிலிருக்கும் கங்கை வாய்திறவாள், மூத்த பிள்ளை வயிற்றை வளர்ப்பவன், இளையவனோ சிறுபிள்ளை, தேவியும் உதவுவாளல்லள், இத்தகைய வீட்டில் ஆட்செய்தல் எங்களால் ஆகாது என்பது அதன் கருத்து. இதனை வஞ்சப்புகழ்ச்சி என்னும் அணியாக மட்டும் கூறி அமைவார் உளர். அணியென்னும் பெயர் சொல்லின் வடிவினை விளக்குமேயன்றி, அச்சொல் பிறந்த நெஞ்சினை விளக்காது. பொருளில்லாத் தோழன் ஒருவன், தன்னைப்போலவே பொருளில்லாத மற்றொரு தோழனது வீட்டுக்குச் சென்று, உண்ண ஏதேனும் உண்டோ என்று வினவி நகுவதுபோன்றது இது. இரந்துண்ணும் இறைவனும் இரந்துநிற்கும் அடியவரும் வறுமையால் ஒத்தவராய் நிற்கின்றனர். ஒப்புமை உள்ளவிடத்து எள்ளல் இகழ்ச்சியாகாது, உறவாகின்றது. உயர்ந்தோன் தாழ்ந்தோனை நகும் நகையிலுள்ள கொடுமை இதன்கண் சிறிதும் இல்லை.

ஆயின் இத்தோழமை நகையோடு நின்றுவிடவில்லை என்பதே கருதத்தக்கது. திருவொற்றியூரிலே சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுறவு செய்யவேண்டிய சுந்தரர், அவ்வேளை திருக்கோயிலை விட்டு நீங்கி மகிழமரத்தின்கீழ் எழுந்தருளியிருக்குமாறு இறைவனை வேண்டினார். இசைந்த இறைவனே சங்கிலியாரது கனவிற் தோன்றி, சூளினை மகிழின்கீழ்ப் பெறுக என்று உணர்த்தினார். தோழரின் சூழ்ச்சியைத் தோழரே வென்ற இந்நிகழ்ச்சி நகையை விளைப்பது. எனினும் அச்சூள் பிழைத்தபொழுது கண்ணொளி பறிபோயிற்று. வள்ளுவர் கூறிய இடித்தல் இதுவேயாகும். உடன்நகும் தோழரே ஒறுத்தலும் செய்தார். கண்ணிழந்த நிலையிற் திருவாரூரிற் பாடிய பதிகத்தில், அடியார் துயருறவும் வாளாவிருக்கின்ற நீர் நன்றாக வாழ்ந்திரும் என்று வாழ்த்துவார்போலச் சுந்தரர் கடிந்துரைக்கின்றார். ஆண்டு நகையும் அழுகையும் ஒருங்கே ஒலிக்கின்றன. அந்நியரிடத்து இவ்வாறு பேசுதல் இயலாது. கேட்பவர் தம் சொல்லைத் தவறாகக் கொள்ளார் என்னும் துணிவுடையவரே இவ்வாறு பேசுவர். காஞ்சியில் இடக்கண்ணையும் ஆரூரில் வலக்கண்ணையும் அவர் மீளப்பெற்றார்.

இந்நகையுரிமைக்கு மறுப்பும் எழாமலில்லை. ஊடிய பரவையாரிடத்து நள்ளிரவில் இறைவனைத் தூதனுப்பினார் என்று கேள்வியுற்ற ஏயர்கோன் கலிக்காம நாயனார், ஆண்டவனை ஏவல்கொண்டவனைக் காணவும் ஒருப்படேன் என்று வெகுண்டார். சுந்தரரால் தம் சூலைநோய் தீர்வதினும் இறத்தல் நன்றென்று உடைவாளால் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். அவரது சினம் அறியாமையின்பாற்பட்டதன்று, பக்தியின்பாற்பட்டது. இருவர்க்கிடையே உரிமையாய் அமைந்த விளையாட்டு, அவ்வுறவின் புறத்தே நிற்பார்க்கு அவமதிப்பாகவே தோன்றும். சேக்கிழார் இம்மறுப்பை மறைத்தாரல்லர். அதற்கு இடந்தந்து, கலிக்காமரையும் நாயனாராகவே போற்றினார். அவர் இறந்தமை கண்ட சுந்தரர் தாமும் உயிர்விடத் துணிந்தபொழுது, இறையருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அவரைத் தடுத்தனர், இருவரும் தழுவிக்கொண்டனர். சுந்தரரது தோழமை நகையளவினதோ அன்றோ என்னும் ஐயத்தை வாதம் தீர்க்கவில்லை. தோழர்க்காக உயிரையும் விடத் துணிந்த அச்செயலே தீர்த்தது.

ஆகவே நகை பக்திக்குப் பகையென்பார் கூற்றும், நகையே நட்பென்பார் கூற்றும் ஒருங்கே பொருந்தா. அச்சம் ஒன்றே உடையான் தலைவனை வணங்குவான், அவனோடு நகான். அன்பின்றி நகுவான் நகுவான். துன்பம் வந்தவழி நில்லான். நகுதற்கும் நிற்றற்கும் ஒருசேர வல்லாரது தொடர்பே தோழமை என்னும் பெயர்க்கு உரியது. தேவாரத்துள் ஏழாந்திருமுறையைப் பயில்வார், ஆண்டு விளங்கும் எள்ளற்சொற்களைக் கண்டு மயங்காது, அவற்றின் பின்னே நிற்கும் துணிவினையும் அத்துணிவினைத் தந்த அன்பினையும் உணர்ந்து ஓதுதல் தகும்.