நகையிலிருந்து வெகுளிக்கு: ‘மகாராஜா’ திரைப்படத்தில் புலனாய்வும் மெய்ப்பாடும்

முன்னுரை

நித்திலன் சாமிநாதன் இயக்கத்தில் 2024 ஜூன் 14 அன்று வெளியான ‘மகாராஜா’, விஜய் சேதுபதியின் 50ஆவது படமாகும். வீடு புகுந்து கொள்ளை, வல்லுறவு, கொலை என அடுத்தடுத்துக் குற்றம் புரிவோரைப் பற்றிய இப்படம், முற்பாதியில் பெரிதும் நகைச்சுவையாகவே நகர்கிறது. இவ்விரண்டும் எவ்வாறு இயைகின்றன, அவ்வியைபு எங்கே முறிகிறது என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

எள்ளலும் பேதைமையும்

முடிதிருத்தும் தொழிலாளியான மகாராஜா, மூவர் தம் வீடு புகுந்து ‘லட்சுமி’யைக் கவர்ந்து சென்றதாகக் காவல் நிலையத்தில் முறையிடுகிறார். லட்சுமி என்பது ஓர் இரும்புக் குப்பைத்தொட்டி. விபத்தொன்றில் குழந்தையின் உயிர் காத்தது. காவலர் நகைக்கின்றனர், அடிக்கின்றனர். அவர் இலட்சக்கணக்கில் கையூட்டுத் தர முன்வந்ததும், அதே முறையீடு மதிப்புப் பெறுகிறது.

தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நான்கு களன்களுள் எள்ளலும் பேதைமையும் இங்குத் தொழிற்படுகின்றன. தொடக்கத்தில் பேதையாகத் தோன்றுபவர் மகாராஜா, எள்ளுவோர் காவலர். போலித் தொட்டியும் போலித் திருடனும் தேடிக் காவலர் அலையும்போது எள்ளலுக்கு உரியோர் அவர்களே ஆகின்றனர்.

மறைந்திருந்த வழக்கு

பள்ளி மாணவியான மகள் ஜோதிக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையை மறைக்கும் திரையே அம்முறையீடு என்பதைப் பார்வையாளர் பின்னரே அறிகின்றனர். குடும்பத்திற்குக் கேடு சூழ்தலாகிய ‘குடிகோள்’ வெகுளியின் களன்களுள் ஒன்று. நகை வெகுளியாக மாறும் இவ்விடத்தில், தாம் சிரித்ததற்காகப் பார்வையாளரே நாணுகின்றனர். கருநகைச்சுவையின் உண்மையான வெற்றி இதுவே.

கைதுசெய்தற்குரிய குற்றம் குறித்த தகவலைப் பதிவுசெய்வது கட்டாயம் என 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தை அதன் இல்லத்திலோ விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அலுவலர் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. இவ்வளவு இருந்தும் ஒரு தந்தை மகளின் பெயரைச் சொல்லாமல் தொட்டியின் பெயரைச் சொல்வது, சட்டத்திற்கும் காவல் நிலைய வாயிலுக்கும் இடையிலான தொலைவைக் காட்டுகிறது.

இயைபு முறியும் இடம்

தொடர்கொலைப் புலனாய்வைக் கருநகையோடு சொன்ன போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003), குற்றவாளி அகப்படாமலே முடிகிறது. காவலரின் பிழைக்கு அங்கே கழுவாய் இல்லை. ‘மகாராஜா’வில் உண்மையை உணர்ந்த காவலர், குற்றவாளி நல்லசிவத்தை மகாராஜாவின் கையில் ஒப்படைத்து நல்லவராகின்றனர். முன்பு வழக்கைப் பதியாதோர், இப்போது வழக்கே வேண்டா என்கின்றனர். இரண்டும் சட்டத்தைக் கைவிடுதலே. எனினும் முன்னதை எள்ளிய படம் பின்னதைப் போற்றுகிறது.

இறுதியில், தான் கேடு சூழ்ந்தது தன் மகளுக்கே எனச் செல்வம் அறிகிறான். ஜோதி அவனை நேர்நின்று பேசும் காட்சி அவளுக்குக் குரல் தருகிறது. ஆயினும் அடுத்த கணமே அவளது துயரம் அவனுக்குரிய தண்டனையாகச் சுருங்குகிறது.

முடிவுரை

அதிகாரத்தை எள்ளும் வரை இப்படத்தின் நகை கூர்மையானது. பழிவாங்கலை நீதியாக ஏற்கும்போது அக்கூர்மை மழுங்குகிறது. தொட்டிக்குக் கிடைத்த புலனாய்வு, ஜோதிக்கு இறுதிவரை கிடைக்கவில்லை.