முட்டி எத்தனை டிகிரி? அளந்தது யார்?

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் சி. குணாளன் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் அசையவில்லை. 2001ல் யு.கே. ஷியாம் 10.37ல் ஓடி அதை முறியடித்தார். இடைவெளி ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்குதான். ஆனாலும் கடிகாரத்தை நம்பினோம். ஓடும் காலின் முட்டி எவ்வளவு மடங்குகிறது என்ற கணக்கில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழிந்து அறுவை முடித்தவரைச் சக ஆட்டக்காரர்கள் பார்த்தால் முதல் கேள்வியே, “எத்தனை டிகிரி மடங்குது?” என்பதுதான். போன வாரம் 115, இந்த வாரம் 120 என்றால் முன்னேற்றம் என்று தோளில் தட்டுகிறார்கள். அது முன்னேற்றமாக இருக்கலாம். அளவுகோல் நகர்ந்ததாகவும் இருக்கலாம்.

பிசியோ கையில் இருக்கும் கோனியோமீட்டர் இரண்டு கைகள் கொண்ட கோணமானி. அதன் அச்சை முட்டியின் வெளிப்பக்க எலும்பில் வைத்து, ஒரு கையைத் தொடையெலும்பின் மேல்முனைப் புடைப்பை நோக்கியும் மறு கையைக் கணுக்கால் எலும்பை நோக்கியும் பிடிக்க வேண்டும். தொடை பருத்திருந்தாலோ முட்டி வீங்கியிருந்தாலோ அந்த எலும்புகளை விரலால் தேடித்தான் பிடிக்கவேண்டும். பிழை புகுவது அங்கேதான்.

1991ல் அமெரிக்காவில் 43 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஒரே பிசியோ திரும்ப அளந்தபோது மடக்கத்துக்கான ஒத்திசைவு 0.99 (1 என்றால் முழு ஒத்திசைவு). வேறு பிசியோ அளந்தபோது 0.90. கருவியில்லாமல் கண்ணால் மதிப்பிட்டபோது, ஆளுக்கு ஆள் 0.83. கருவி அதேதான், கை மாறினால் எண் மாறுகிறது. அதனால்தான் 5 டிகிரிக்கு உட்பட்ட மாற்றத்தைப் பிசியோக்கள் பெரிதுபடுத்துவதில்லை.

சிங்கப்பூரில் ஒரு முட்டி பல கைகளைக் கடக்கிறது. அறுவை ஒரு மருத்துவமனையில், பயிற்சி வீட்டருகே ஒரு பிசியோவிடம், பிறகு உடற்பயிற்சிக்கூடத்தில் பயிற்றுநரின் கைபேசிச் செயலி. ஒருவர் படுக்கவைத்து அளக்கிறார், இன்னொருவர் உட்காரவைத்து. ஒருவர் காலைத் தானாக மடக்கச் சொல்கிறார், மற்றவர் பிடித்து அழுத்துகிறார். இந்த எண்களை ஒரே வரிசையில் எழுதிவைத்து ஏறுமுகம், இறங்குமுகம் பார்ப்பதில் பொருளில்லை.

கேமரா வைத்தால் தீருமா? உடம்பில் ஒட்டும் குறிகளைப் பல கேமராக்கள் படம்பிடிக்கும் முறை கண்ணுக்கு விருந்து. ஆனால் குறிகள் ஒட்டியிருப்பது தோலில், அசைவது எலும்பு. எலும்பில் ஊசி பொருத்தி ஓடவைத்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1997ல் வெளியானது. முட்டி மடக்கத்தில் சராசரிப் பிழை அசைவின் 21 விழுக்காடு. உள்ளும் வெளியுமாகத் திரும்பும் அசைவில் 63 விழுக்காடு. ஏசிஎல் காயத்தில் கவலை தருவதில் இந்தத் திருப்பமும் ஒன்று. விலையுயர்ந்த முறை அங்கே இன்னும் அதிகம் தடுமாறுகிறது.

அளவுக்கும் கண்ணுக்கும் நடந்த சண்டையைக் கிரிக்கெட் ரசிகர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். 1995ல் மெல்பர்னில் பந்துவீசும்போது முழங்கை நிமிர்கிறது என்று முத்தையா முரளிதரனின் பந்தை நடுவர் ‘நோ பால்’ என்றார். பிறகு ஆய்வுக்கூடத்தில் அளக்க அளக்க, தூய்மையானவை என்று கருதப்பட்ட பல கைகளும் பழைய வரம்பைத் தாண்டுவது தெரிந்தது. 2005ல் முழங்கை நிமிர்வு அனைவருக்கும் 15 டிகிரி வரை என்று விதி மாறியது. கண் எதைக் காண்கிறது, கருவி எதைக் காண்கிறது என்று இரண்டையும் வைத்துத்தான் வரம்பை வகுக்க முடிந்தது.

முட்டியிலும் எந்த இடத்தில் பிழை என்பதே முக்கியம். மடக்கம் 125ஆ 130ஆ என்பதால் காற்பந்து ஆட்டக்காரருக்குப் பெரிய நட்டமில்லை. சம்மணமிட்டு உட்கார்வோருக்கு இருக்கலாம். ஆனால் நீட்டத்தில் 5 டிகிரி குறைந்தால் கால் முழுதாக நிமிராது, நொண்டல் வரும், முன்தொடைத் தசை ஓயாமல் உழைக்கும். அதை அளக்க எளிய வழி உண்டு. கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே கால்களை விளிம்புக்கு வெளியே விட்டு, இரு குதிகால்களின் உயர வித்தியாசத்தை அளவுநாடாவால் பார்ப்பது. ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ ஒரு டிகிரி. நல்ல காலே ஒப்பீட்டுக் கோலாக இருப்பதால், எலும்பைத் தேடி அலையும் வேலையும் இல்லை.

அதனால் என் தீர்ப்பு: விலையுயர்ந்த கருவியைவிட மாறாத வழக்கம் மேல். அதே பிசியோ, அதே கருவி, அதே கிடை, இரு கால்களும். பயிற்றுநர்கள் ஆட்டத்துக்குத் திரும்பும் தேதியைக் குறிக்கும் முன் டிகிரியை மட்டும் கேட்காமல், யார் அளந்தார், எப்படி அளந்தார், மற்ற கால் எவ்வளவு என்றும் கேட்கட்டும். பதில் கிடைக்காத எண்ணை நம்பி ஆட்டக்காரரைத் திடலில் இறக்கக்கூடாது.